வெள்ளத்துரை தின்ற பொம்மை மாவு

குருவம்மாளின் வீட்டுக்காரர் வெள்ளத்துரைக்கு ஊருக்குள் கெட்ட பெயர் கிடையாது. பரளச்சிக்குத் தெற்கே, நாலு தெருவும் ஒரு ஊருணியுமாக இருந்த அந்தச் சின்ன ஊரில், மழைக்கு வானத்தைப் பார்த்துப் பருத்தி போட்டு, கம்பு போட்டுப் பிழைத்த மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்தது கிடையாது. அவருக்கு இருந்த ஒரே வியாதி, வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்ததும் வருகிற வியாதி. முதல் கவளம் வாய்க்குள் போகும். தாடை மெதுவாக அசையும். முகத்தைத் தூக்கி மேலே விட்டத்தைப் பார்ப்பார். அங்கே ஏதோ எழுதியிருப்பது போலவும் அதை வாசித்துச் சொல்வது போலவும் தீர்ப்பு வரும். உப்பு ஒரு கல்லு தூக்கல். இல்லையென்றால் புளி முன்னால் நிற்கிறது. இல்லையென்றால் மிளகாய் சரியாக அரைபடவில்லை. சொல்வதற்கு ஒன்றுமே அகப்படாத நாளில், "இன்னிக்கித் தப்பிச்சிட்ட" என்று மட்டும் சொல்வார். குருவம்மாளுக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தீர்ப்புக்குப் பின்னாலேயே, "எங்கக்கா வச்சா எப்படி இருக்கும் தெரியுமா?" என்று ஒரு வால் வரும். அந்த வாலைத்தான் குருவம்மாளால் தாங்க முடியாது.

அக்கா மூக்கம்மாள் பந்தல்குடியில் இருந்தாள். தூத்துக்குடி ரோட்டு மேலேயே அவளும் அவள் புருஷனும் சாப்பாட்டுக் கிளப்புக்கடை வைத்திருந்தார்கள். உப்பு லோடும் பருத்தி லோடும் ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள் அந்தக் கடை வாசலில்தான் வண்டியை ஓரங்கட்டுவார்கள். மாதத்தில் இரண்டொரு தடவை மூக்கம்மாள் தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கில் ஏதாவது பண்டம் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் தம்பிக்குக் கொடுத்துவிடுவாள். அதிரசம் வரும். கோழிக் குழம்பு வரும். அன்றைக்கெல்லாம் வெள்ளத்துரை விட்டத்தைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தின்பார். கடைசியில் விரலைச் சூப்பிவிட்டு, குருவம்மாளை இரக்கத்தோடு ஒரு பார்வை பார்ப்பார். திட்டினால்கூடப் பதில் பேசலாம். அந்த இரக்கத்துக்கு என்ன பதில் பேச முடியும்?

ரேசன் கடையில் அரிசிக்குப் பதிலாக மைதாவை அளந்து போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருசம்தான் ஊருக்குப் பால்வாடி வந்தது. இடம் கேட்டு வந்தபோது, வீட்டை ஒட்டியிருந்த பருத்திக் கொட்டகையை வெள்ளத்துரையே முன்வந்து கொடுத்தார். டீச்சராக வந்தவள் ராமலட்சுமி. அருப்புக்கோட்டை நூல்கடைக்காரர் மகள். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போகிற, சிரித்தால் நிறுத்தத் தெரியாத பெண். வெள்ளத்துரையின் மகள் முத்துத்தாயும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் எழுதப் பழகுவதற்கு முன்னால் விரல் வளைய வேண்டும், அதற்கு மண்ணைப் பிசைந்து பொம்மை செய்யவிட வேண்டும் என்று பயிற்சியில் ராமலட்சுமிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் ஊருணிக் கரையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். கரிசல் மண். ஈரமாக இருக்கும்போது விரலைப் பிடித்தால் விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பிள்ளைகள் செய்த யானையெல்லாம் மறுநாள் காலையில் தும்பிக்கை வேறு, கால் வேறாகக் கிடந்தன. அதுகூடப் பரவாயில்லை. முழங்கை வரை கரியாக வீட்டுக்கு வந்த பிள்ளைகளைக் கழுவிவிடத் தண்ணீர் வேண்டுமே. பங்குனி மாதம், கிணற்றடியில் காத்துக் கிடந்து ஒரு குடம் இறைக்கிற ஊரில், மண் பொம்மைக்காக ஒரு குடத்தைக் கொட்ட எந்தத் தாய் சம்மதிப்பாள்? பெண்கள் கூட்டமாக வந்து டீச்சரைச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு ராமலட்சுமி ஒரு பையோடு குருவம்மாளின் அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் உங்க அடுப்பக் கடன் குடுப்பீகளா?"

பையில் மைதா இருந்தது. மண்ணுக்குப் பதிலாக மாவிலேயே பொம்மை மண் கிண்டலாம், கையில் ஒட்டாது, கழுவத் தண்ணீர் வேண்டாம், ஒரு தடவை செய்தால் பல நாள் கெடாமல் இருக்கும் என்றாள். குருவம்மாளுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. தின்கிற பண்டத்தை விளையாடக் கொடுப்பது பாவம் இல்லையா என்று கேட்டாள். ராமலட்சுமி பையைப் பிரித்துக் காட்டினாள். மாவுக்குள் வண்டு ஓடிக்கொண்டிருந்தது. இதை இனி தின்னவும் முடியாது, தறிக்காரர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடத்தான் ஆகும் என்றாள். அப்படியானால் சரி என்று குருவம்மாள் சுளகை எடுத்து வண்டைப் புடைத்தாள், மாவைச் சலித்தாள், கல்லுப்பை உரலில் போட்டு நைசாக இடித்தாள்.

மாவில் பாதி உப்பு. ஒரு கரண்டி நல்லெண்ணெய். ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. தண்ணீர் விட்டுக் கரைத்து, இளந்தீயில் வைத்துக் கிண்ட வேண்டும். முதல் தடவை இரண்டு பேரும் பேச்சு சுவாரஸ்யத்தில் தண்ணீரைக் கூடுதலாக விட்டுவிட்டார்கள். கிண்டக் கிண்ட அது பசையாகத்தான் ஆனதே தவிர உருளவில்லை. கரண்டி ஒட்டிக்கொண்டது, விரல் ஒட்டிக்கொண்டது, எட்டிப் பார்த்த முத்துத்தாயின் சடையும் ஒட்டிக்கொண்டது. ராமலட்சுமி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பசையை வீணாக்க வேண்டாம் என்று எடுத்துப்போய், கொட்டகைச் சுவரில் ஆனாப் படம், ஆவன்னாப் படமெல்லாம் ஒட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாவது தடவை பேச்சைக் குறைத்தார்கள். மாவு சட்டியை விட்டுச் சுருண்டு, கரண்டியோடு ஒரே கட்டியாகத் திரும்பி வந்தது. இறக்கி, சூடு கை பொறுக்கிற பதத்தில் பிசைந்தார்கள். அகத்திக்கீரைச் சாற்றில் பச்சை கொஞ்சம், குங்குமத்தில் சிவப்பு கொஞ்சம் பிசைந்து பார்த்துவிட்டு, மஞ்சள் தூள்தான் வீட்டில் நிறைய இருந்ததால் மிச்சம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கினார்கள். எண்ணெய் மினுமினுப்போடு அது குழந்தையின் கன்னம் போல வழவழப்பாக இருந்தது. குருவம்மாளுக்கு அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே மனசு வரவில்லை. ராமலட்சுமி சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு துண்டை எடுத்து உருட்டி, மூக்கு வைத்து, மீசை வைத்து, ஒரு கன்னத்தைப் புடைக்க வைத்து, முகத்தை மேலே அண்ணாந்து பார்க்க வைத்தாள். ராமலட்சுமி திரும்பிப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குருவம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு, அந்த முகத்தைச் சட்டென்று கசக்கி மறுபடியும் உருண்டையாக்கினாள்.

காற்றுப் பட்டால் காய்ந்துவிடும், மூடி இறுக்கமான பாத்திரம் வேண்டும் என்றாள் டீச்சர். கொட்டகையில் எலி நடமாட்டம், அதனால் திங்கள்கிழமை வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள். வீட்டில் இறுக்கமான மூடி இருந்தது ஒரே பாத்திரத்துக்குத்தான். திருப்பி அனுப்பாமல் வைத்திருந்த மூக்கம்மாளின் தூக்கு. பழக்க தோசத்தில் குருவம்மாள் மாவை லட்டு அளவுக்கு உருண்டை உருண்டையாகப் பிடித்து அதில் அடுக்கினாள். டீச்சர் பஸ்ஸுக்குப் போனாள். குருவம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

திரும்பி வந்தபோது, பருத்திக்காட்டிலிருந்து வந்த வெள்ளத்துரை கைகால் கழுவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். தூக்கு அவர் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

"அக்கா குடுத்துவிட்டாளா?"

"இல்லங்க, அது வந்து…" என்பது வரை குருவம்மாள் சொல்லிவிட்டாள். அதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து, சொல்லத்தான் செய்தேன் என்று தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஒரு உருண்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"உருண்டை பிடிச்சிருக்கிற நேர்த்தியப் பாத்தியா? ஒரு வெடிப்பு இருக்கா? நீ பிடிச்சா நம்ம காடு மாதிரி வெடிச்சுக் கெடக்கும். பாத்துப் படிச்சுக்க புள்ள."

குருவம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் பாதி உருண்டையை ஒரே கடியில் கடித்தார். கண்ணை மூடினார். அக்கா பண்டத்துக்கென்று வைத்திருந்த அந்தப் புன்னகை முகத்தில் விரிந்தது, விரிந்த இடத்திலேயே நின்றது. மூடிய கண் மெதுவாகத் திறந்தது. தாடை ஒரு தடவை அசைந்து, நின்று, யோசித்து, மறுபடி அசைந்தது. குருவம்மாள் முந்தானையால் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே, ஓரக்கண்ணால் அவருடைய காது மடல் சிவப்பதைப் பார்த்தாள். துப்புவார் என்று எதிர்பார்த்தாள். துப்பியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் வெள்ளத்துரை தொண்டையை நீட்டி விழுங்கினார்.

"எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள்.

அவர் நாக்கால் பல்லை ஒரு சுற்றுத் துழாவினார். பிறகு, "உப்புச் சேத்திருக்கா" என்றார். குரல் கம்மியிருந்தது. "காரணமாத்தான் சேத்திருக்கா. இந்த வெயிலுக்கு ஒடம்புல இருக்கிற உப்பெல்லாம் வேர்வையாப் போயிருதுல்ல? அதுக்குன்னு பாத்துச் செஞ்சிருக்கா. வெவரமானவ."

"அப்ப இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க. காட்டுல நல்லா வேர்த்திருப்பீக."

"வேண்டாம், வேண்டாம். நல்ல பண்டத்த ஒரே நாள்ல தின்னு தீக்கக் கூடாது."

கையில் மிச்சமிருந்த பாதி, அவள் திரும்பிய நேரத்தில் வேட்டி மடிக்குள் போனதைக் குருவம்மாள் பார்த்தாள். பானையிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டு அவர் குடித்ததையும் பார்த்தாள். பிறகு தொழுவத்துப் பக்கம் போனார். அவள் விறகு எடுக்கிறவள் போலப் பின்னாலேயே போய்ப் படலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மயிலைக்காளை அவருடைய உள்ளங்கையை ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது. பாதி உருண்டையும் போன பிறகு, இன்னும் வேண்டும் என்று அவர் மடியை மூக்கால் முட்டியது. அவர் அதை அதட்டிக்கொண்டே பின்னால் பின்னால் போனார். குருவம்மாள் விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மறுநாள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தாள். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சொல்வதற்கு முன்னால் மூக்கம்மாளே வந்து இறங்கினாள். தன் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தை அழைக்க வந்திருந்தாள். காதில் கல் தோடு, இடுப்பில் சாவிக்கொத்து, குரலில் லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய அதிகாரம். வந்தவளுக்குக் குருவம்மாள் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். நுழையும்போதே முற்றத்திலிருந்து வெள்ளத்துரையின் குரல் கேட்டது.

"நேத்து நீ குடுத்துவிட்ட உருண்டையப் பத்தித்தான் அக்கா இவகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அகப்பட்டோம் என்று குருவம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த உருண்டை என்று மூக்கம்மாள் கேட்பாள், அவ்வளவுதான், இன்றைக்கு வீடு இரண்டாகும்.

மூக்கம்மாள் கேட்கவில்லை. அவளுடைய சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா இருந்துச்சா? ஒனக்குன்னு பக்குவமாப் பாத்துப் பிடிச்சது தம்பி" என்றாள்.

குருவம்மாளின் பயம் அப்படியே நின்றது. அந்த இடத்தில் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. வண்டைப் புடைத்தது யார், உப்பை இடித்தது யார், சட்டியில் கை வலிக்கக் கிண்டியது யார்? அவள் தூக்கைத் திறந்தாள். இருந்ததிலேயே பெரிய உருண்டையாகப் பார்த்து ஒரு தட்டில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"மதினி, உங்க கையால செஞ்சத நீங்களும் ஒரு வாய் தின்னுங்க. வெறும் வயித்தோட வந்திருக்கீக."

மூக்கம்மாள் தட்டைப் பார்த்தாள். மஞ்சளாக, மினுமினுவென்று, பார்க்க ஒரு குறையும் இல்லை. தம்பி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து வாயில் போட்டாள். முழுசாகப் போட்டாள், அதுதான் அவள் செய்த தப்பு. கடித்ததும் அவளுடைய புருவம் இரண்டும் நெற்றி மேல் ஏறி அங்கேயே தங்கிவிட்டன. கன்னம் உப்பியபடி நின்றது. துப்ப முற்றத்தில் ஓரம் தேடினாள். தம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். வெள்ளத்துரையோ அவளையே ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு நேர்ந்தது அவளுக்கும் நேர்கிறதா என்று சோதிப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"வெயிலுக்கு நல்லதுதானக்கா? உப்பு?"

மூக்கம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. கடைசித் துணுக்கு வரை விழுங்கிவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று ஜாடை காட்டி எழுந்தவள், அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பானையைக் காலி பண்ணுகிற மாதிரி குடித்தாள்.

"அடி பாவி. என்னடி அது?"

"என்ன மதினி, நீங்க செஞ்சதுன்னு சொன்னீக. எங்கிட்டக் கேக்கீக?"

மூக்கம்மாள் அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு துடித்தது. குருவம்மாள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கிண்டிய பொம்மை மாவு, தூக்கைப் பார்த்து அவராக நினைத்துக்கொண்டது, வெடிப்பில்லாத உருண்டை, மடிக்குள் போன பாதி, காளை. காளை வந்ததும் மூக்கம்மாள் தாங்க மாட்டாமல் குருவம்மாளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். வெளியே கேட்டுவிடும் என்று இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் மூக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அவங்கிட்டச் சொல்லிராத" என்றாள். "நான் அடுப்புப் பக்கம் போயே வருசக்கணக்கா ஆகுது. கடையில சாத்தூர்க்காரரு ஒருத்தரு மாஸ்டரா இருக்காரு. தூக்குல வந்தது பூராவும் அவரு கைதான். நான் வச்ச குழம்ப எங்க வீட்டுக்காரரே தொட மாட்டாரு."

குருவம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருசமாக எந்தக் கையோடு தன் கையை ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தாழ்த்தினாரோ, அந்தக் கை முகம் தெரியாத ஒரு சாத்தூர்க்காரரின் கை. அந்த இரக்கப் பார்வை ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. தம்பி புகழ்கிறபோதாவது ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். மூக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, அவன் ஒருத்தன்தான் என் சமையலைப் புகழ்ந்தான், அதை எப்படி விடுவது என்றாள். அதிகாரமெல்லாம் போய், சின்னப் பிள்ளை போலச் சொன்னாள். குருவம்மாளுக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. அதற்காக, சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. "காப்பி போடுறேன், உக்காருங்க மதினி" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஏறப் போகும்போது மூக்கம்மாள் தம்பியிடம், இனிமேல் பண்டம் ஒன்றும் எதிர்பார்க்காதே, உன் பெண்டாட்டி கைப்பக்குவத்துக்கு முன்னால் நானெல்லாம் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளத்துரை வெகுநேரம் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கள்கிழமை காலையில் மாவை எடுக்க வந்த ராமலட்சுமிக்குக் கதையைக் கேட்டதும் சிரிப்பு வரவில்லை, வேர்த்துக் கொட்டியது. கொட்டகையைக் கொடுத்த மனிதருக்கு வயிற்றில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றாள். குருவம்மாள், மாவும் உப்பும் எண்ணெயும்தானே, தண்ணீர் தாகத்தைத் தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை என்று தேற்றி அனுப்பினாள். அன்றைக்கு அவர் காட்டுக்குப் போய்விடுவார், சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவரோ காட்டுக்குப் போகவில்லை. கொட்டகைக் கூரையில் ஓலை விலகியிருக்கிறது என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்.

மத்தியானம் முத்துத்தாய் ஓடி வந்துதான் செய்தி சொன்னாள். அப்பா கூரையிலிருந்து இறங்கி வந்தார். பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் மாவில் யானை, பாம்பு, தேள் எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் மாவை மூக்கில் ஒட்டிக்கொண்டு இருந்தான். அப்பா ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். இது என்னது என்று கேட்டார்.

"நீ என்ன சொன்ன?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"பொம்மை மாவு, அம்மா கிண்டுனதுன்னு சொன்னேன். இதத் திங்கக் கூடாதுப்பா, டீச்சர் வைவாகன்னும் சொன்னேன்."

"அதுக்கு அப்பா என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. டீச்சர் கதவுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டாக. அப்பா திரும்பவும் கூரை மேல ஏறிட்டாக."

அந்தப் பிற்பகல் குருவம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொட்டகைக் கூரையில் ஓலை தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டும் தன் மேல் விழுவதாகத் தோன்றியது. அடிக்கிற மனிதர் இல்லைதான். ஆனால் ஊரில் வாய் ருசிக்குப் பெயர் எடுத்தவர். பிள்ளைகள் விளையாடுகிற மண்ணைத் தின்று, அதற்கு வியாக்கியானமும் சொன்னார் என்று வெளியே தெரிந்தால் தலை நிமிர்ந்து நடப்பாரா? கொட்டகையைக் காலி பண்ணு என்று டீச்சரைச் சொல்லிவிட்டால்? விளையாட்டு வினையாகிவிட்டது என்று தன்னைத்தானே வைதுகொண்டு, கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். அவருக்குப் பிடிக்கும் என்று வைத்தாள்.

பொழுது சாய வெள்ளத்துரை வந்தார். கைகால் கழுவினார். வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். முதல் கவளம் வாய்க்குள் போனது. தாடை அசைந்தது. அவர் மேலே பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றார். இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டி வாங்கியும் தின்றார். வட்டிலை வழித்துவிட்டு எழுந்து தொழுவத்துக்குப் போனார்.

முத்துத்தாய்க்குப் பால் ஊற்றிச் சோறு கொடுத்துவிட்டு, குருவம்மாள் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கவளம் வாயில் வைத்தாள். வைத்ததும் நிறுத்தினாள். குழம்பில் உப்பே இல்லை. குறைச்சல் இல்லை, சுத்தமாக இல்லை. கருவாட்டில் இருந்த உப்பையும் அலசி அலசி ஊற்றியிருந்தாள். பயத்தில் போட மறந்திருக்கிறாள். ஒரு கல்லு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர், இதை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

கையைக் கழுவாமலே எழுந்து தொழுவத்துக்குப் போனாள். அவர் காளைக்கு நாற்றுத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"குழம்புல உப்பே இல்ல. வாயத் தெறந்து சொல்லக் கூடாதா?"

வெள்ளத்துரை திரும்பாமலே, "முந்தாநாத்துத் தின்ன உப்பே இன்னும் ஒடம்புல நிக்கி" என்றார்.

கோபமா, என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் தட்டையை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினார். மீசைக்குக் கீழே என்னவோ அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அக்கா தின்னாளே. முழுங்கிட்டாளா, இல்ல உள்ள போயித் துப்பி என்ன மாதிரி மடியில வச்சுக்கிட்டாளா?"

"முழுங்கிட்டாக."

"முழுசாவா?"

"முழுசா. பானைத் தண்ணி பூராவும் காலி."

வெள்ளத்துரை காளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. குருவம்மாள் தன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. காளை மிரண்டு விலகியது. அவளும் படலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிறபோது சாத்தூர்க்காரர் நாக்கு நுனி வரை வந்தார். இப்போது சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காளுமா, அக்காளுமா" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று சாத்தூர்க்காரரை உள்ளே தள்ளிக்கொண்டாள்.

என்ன சிரிப்பு என்று கேட்டு முத்துத்தாய் வந்து நின்றாள். இரண்டு பேரும் சொல்லவில்லை. குருவம்மாள் மிச்சக் குழம்புக்கு உப்புப் போட்டுக் கொதிக்க வைக்க உள்ளே போனாள். உப்புச் சட்டியை எடுக்கிற சத்தம் தொழுவம் வரை கேட்டிருக்க வேண்டும்.

"பாத்துப் போடு புள்ள" என்றார் அங்கிருந்து. "ஒரு கல்லு கொறைச்சே போடு."